ஏற்றத்துக்கு எவ்வளவு எண்ணெய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெரிய துளை நாசில் ஆறும் டெலிவரி வால்வு ஆறும் ஒரே செட்டாக விலைக்கு வருகிறது, வாங்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வாங்காதே. காரணத்தைப் போனில் சொன்னால் பாதி உன் காதில் நிற்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வாங்கியிருப்பது நல்ல வண்டி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1996 ராம் 2500, ஐந்து கியர் மேனுவல், 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி. நம் ஊரில் டாடா கம்மின்ஸ் லாரிகளில் வந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான், ஜாம்ஷெட்பூரில் செய்தது. சங்ககிரிப் பட்டறையில் பம்ப் வேலை பழகிவிட்டு ஹூஸ்டனுக்கு வந்த எனக்கு, இந்த டாட்ஜின் பானெட்டைத் திறந்தால் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பது பாஷ் பி7100 இன்லைன் பம்ப், 12 மி.மீ. எலிமெண்ட் ஆறு. டாட்ஜ் பிக்கப்பில் 1994 முதல் 1998 நடுப்பகுதி வரைதான் இது வந்தது. அதற்குப் பிறகு வந்த விபி44 மின்னணு பம்ப்புக்கு மசகு, குளிர்ச்சி இரண்டுமே டீசல்தான். ஃபீட் பம்ப் தளர்ந்தால் கூடவே பெரிய பம்ப்பும் போய்விடும். உன் பம்ப்பின் கேம்ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில் ஓடுகிறது, கம்ப்யூட்டர் என்று எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவனும் எண்ணெயைக் கூட்டிவிடலாம். இந்தப் பம்ப்புக்குப் பெருமை அது. எஞ்சின்கள் வெந்துபோவதும் அதனால்தான்.

நீ எங்கே, எதை இழுக்கிறாய் என்பதிலிருந்து தொடங்குவோம். பாலிசேடிலிருந்து டென்வருக்குப் பீச் பழப் பெட்டிகள், டிரெய்லரோடு 9,000 பவுண்டு என்று எழுதியிருக்கிறாய். ஐ-70 சாலையில் முதலில் வெய்ல் கணவாய், 10,662 அடி. பிறகு சில்வர்தோர்னில் தொடங்கி ஐசன்ஹவர் சுரங்கம் வரை 2,000 அடிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றம். சில இடங்களில் நூறு அடிக்கு ஏழு அடி ஏறுகிறது. சுரங்க வாசல் 11,000 அடிக்கு மேலே. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. டர்போ ஓரளவுதான் ஈடுகட்டும். பந்தயத்துக்கு ஓட்டுகிறவன் முழு ஆக்சிலேட்டரைச் சில நொடிகள் மிதித்துவிட்டு எடுத்துவிடுவான். நீ பத்து நிமிடத்துக்கு மேல் அதிலேயே மிதித்து நிற்கப் போகிறாய், அதுவும் காற்று குறைவான இடத்தில். விற்கிறவன் சொல்லும் குதிரைசக்திக் கணக்கில் இந்தப் பத்து நிமிடம் கிடையாது. இழுவை வண்டிக்கு எவ்வளவு சக்தி கிடைக்கும் என்று கேட்காதே, அதை எவ்வளவு நேரம் வெப்பம் ஏறாமல் தாங்கிப் பிடிக்க முடியும் என்று கேள்.

அதனால் நீ வாங்க வேண்டிய முதல் சாமான் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர். டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே துளை போட்டுப் பொருத்து. சுலபம் என்று டர்போவுக்குப் பின்னால் பொருத்துகிறவர்கள் உண்டு. அங்கே பளுவில் இருநூறு முந்நூறு டிகிரி குறைத்துக் காட்டும், அந்த எண்ணை நம்பி மேலும் மிதிப்பாய். தொடர்ந்து ஏறும்போது 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவிடாதே. சுத்தமான அலுமினியம் 1,220-லேயே உருகிவிடும். உன் பிஸ்டன் அலுமினியக் கலவைதான். அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அதைக் குளிர்விப்பதாலும், ஒவ்வொரு சுற்றிலும் புதுக்காற்று உள்ளே வருவதாலும்தான் அது பிழைத்திருக்கிறது. கூடவே ஒரு பூஸ்ட் கேஜும், டீசல் பிரஷர் கேஜும் வைத்துவிடு. இந்த மூன்றும் இல்லாமல் பம்ப்பில் யாரையும் கைவைக்கவிடாதே.

அடுத்தது, இருக்கிறதைச் சரி செய்வது. என் மேசைக்கு "இழுவை இல்லை" என்று வந்த பம்ப்புகளில் பாதிக்குப் பம்ப்பில் ஒரு கோளாறும் இருக்காது. பம்ப்புக்கு எண்ணெய் வந்து சேராததுதான் கோளாறாக இருக்கும். உன் வண்டிக்கு வயது 25-ஐத் தாண்டிவிட்டது. டேங்கிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய்க்கு எஞ்சினின் பின்பக்கம், கைக்கு எட்டாத இடத்தில் ரப்பர் இணைப்புகள் இருக்கின்றன. அவை காய்ந்து வெடித்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். காலையில் நீளமாகச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த ரப்பர் மேல்தான் சந்தேகம். முதலில் அதை மாற்று. பிறகு ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவு. அதற்குப் பின் ஓவர்ஃப்ளோ வால்வு. விரல் அளவு சாமான், உள்ளே ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்துபோனால் பம்ப்பின் வயிற்றில் பிரஷர் நிற்காமல் எண்ணெய் டேங்குக்கே திரும்பி ஓடிவிடும், எலிமெண்ட் முழுசாக நிரம்பாது. ஐட்லிங்கில் சுமார் 20 பி.எஸ்.ஐ., 2,500 சுற்றில் 25 முதல் 30 வரை கேஜில் தெரிந்தால் நல்லது. இந்த மூன்று வேலைக்கும் பிறகு பாரத்தோடு ஒருமுறை ஏறிப்பார். கேட்ட இழுவையில் கணிசமான பங்கு அப்போதே திரும்பிவிடும் என்று நம்புகிறேன். அந்த எஞ்சின் புதிதில் 215 குதிரைசக்தியும் 440 பவுண்டு-அடி டார்க்கும் கொடுத்தது. அதில் இப்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் மேலே கூட்டுவதில் அர்த்தமில்லை.

நாசில்களைக் கழற்றி ஒரு நல்ல பம்ப் பட்டறையில் டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல். புதிதில் 260 பார் அளவில் திறக்கும். ஸ்பிரிங் களைத்தால் அது இறங்கிவிடும், ஆறும் ஆறு விதமாகத் திறக்கும். முன்கூட்டியே திறப்பது பூப்போலப் புகையாமல் தாரையாக ஊற்றும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறும், உன் பைரோமீட்டரோ ஆறின் கலவையைத்தான் காட்டும். அதனால் ஷிம் வைத்து ஆறையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல். திருப்பிப் பூட்டும்போது துளைக்குள் பழைய செப்பு வாஷர் தங்கிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார். பழையதன் மேல் புதியது உட்கார்ந்தால் நாசில் முனை மேலே தூக்கிக்கொள்ளும், எண்ணெய் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது.

டைமிங் விஷயத்தில் பொறுமை வேண்டும். எஞ்சினின் டேட்டா பிளேட்டிலேயே டைமிங் பொறித்திருக்கும். இரண்டு மூன்று டிகிரி முன்னால் கொண்டுபோனால் எக்ஸாஸ்ட் வெப்பம் இறங்கும், மைலேஜும் கொஞ்சம் கூடும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அந்தப் பளு ஹெட் கேஸ்கட் மேல் விழும். இழுவை வண்டிக்கு 15 டிகிரியோடு நிறுத்திக்கொள்வேன். பம்ப் கியர் உட்காரும் கூம்பு ஷாஃப்டில் துளி ஆயில் இருந்தாலும் பளுவில் வழுக்கி டைமிங் நழுவிவிடும். இரண்டு பக்கத்தையும் துடைத்துக் காயவைத்துத்தான் இறுக்க வேண்டும். முன்பக்கம் வேலை நடக்கிற அந்தச் சமயத்திலேயே கியர் கவரையும் கழற்றச் சொல். உள்ளே கியர் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் சின்ன டவல் பின் ஒன்று உண்டு. அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே வந்து கியர்களுக்குள் விழுவது இந்த எஞ்சினின் தீராத வியாதி. விழுந்தால் கியரும் போகும், ஹவுசிங்கும் உடையும். ஒரு தகட்டைப் போல்ட்டில் பிடித்து அதன் வாயை அடைத்துவிடலாம். மிகச் சின்ன வேலை. இதைச் செய்யாமல் நூறு குதிரை கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தனையும் முடிந்து, இன்னும் போதவில்லை என்றால்தான் எண்ணெயைக் கூட்டுவது. அப்போதும் முதலில் பம்ப்பின் தலைமேல் இருக்கும் ஏஎஃப்சி, அதனடியில் இருந்து எண்ணெய்க்கு எல்லை வைக்கும் பிளேட். பூஸ்ட் ஏறும் வரை எண்ணெயைப் பிடித்து வைப்பது ஏஎஃப்சி. அதை முழுக்கத் திறந்துவிட்டால் கரும்புகை தள்ளும். புகையாகப் போவது எரியாத எண்ணெய், அதில் இழுவை கிடையாது. டென்வர்ப் பக்கம் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையும் இருக்கிறது. உன் பாரத்துக்கு மிதமான பிளேட் ஒன்று போதும். பிளேட்டை அறவே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டு என்று யாராவது சொன்னால், அவரிடம் எத்தனை டன் இழுக்கிறீர்கள் என்று கேள். 3,000 சுற்று வரை எண்ணெய் விடும் கவர்னர் ஸ்பிரிங் போட்டால் உனக்கு உதவும். கீழ் கியரில் வைத்து ஏற அது இடம் கொடுக்கிறது. ஐந்தாவது கியரில் 1,500 சுற்றில் திணறத் திணற மிதிக்காதே. காற்று குறைவும் எண்ணெய் அதிகமுமாக வெப்பம் பறக்கும் இடமே அதுதான். உன் கியர் பெட்டியில் ஐந்தாவது கியரின் நட்டு தானே கழன்றுகொள்வதும் பெரும்பாலும் அந்தத் திணறலின் அதிர்வால்தான். 2,000-க்கு மேலேயே வைத்திரு.

நீ கேட்ட அந்தப் பெரிய நாசிலும் டெலிவரி வால்வும் இதற்கெல்லாம் பிறகு வருகிறவை. நாசிலில் ஒரு படி மட்டும் மேலே போகலாம். பெயர் தெரிந்த பட்டறையில் ஆறையும் ஒன்றாகச் சமப்படுத்தியதாக இருக்க வேண்டும், தெளிப்புக் கோணம் உன் பிஸ்டன் குழிக்குப் பொருந்த வேண்டும். டெலிவரி வால்வைத் தொடாதே. அது அதிகச் சுற்றில் எண்ணெய் கேட்கிறவர்களுக்கானது. உன் வேலை பெரும்பாலும் 2,500-க்குக் கீழே முடிந்துவிடுகிறது. அதைப் போட்டால் டர்போ மாற்ற வேண்டும், ஹெட்டுக்கு ஸ்டட் போட வேண்டும், கிளட்ச் வழுக்கும். பீச் பழத்து லாபமெல்லாம் பட்டறைக்குப் போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது கசிவு எங்கே என்று பிரஷர் குழாயைக் கையால் தடவிப் பார்க்காதே. அட்டையைக் காட்டிப் பார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படி நேர்ந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குப் போ, டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரும்.

பிரேக்கைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலை. சுரங்கத்தைத் தாண்டி டென்வர் வரை பெரும்பாலும் இறக்கம். எண்ணெய் கூட்டினால் ஏறத்தான் உதவும். டிரெய்லர் பிரேக்கின் மின்கம்பி, காந்தம், லைனிங் எல்லாவற்றையும் இந்த மாதமே பார்த்துவிடு. நாசிலுக்குப் போட வைத்திருக்கும் பணத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்றுக்கு ஒதுக்கு. பெரியதாகப் போடுவதானால் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்கையும் கடினமானதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்னழுத்தம் வால்வைத் திறந்துவிடும். கதவோரத்து ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ள எடை வரம்பு, எஞ்சினை எவ்வளவு கூட்டினாலும் மாறாது. அதையும் எழுதி அனுப்பு.

டேட்டா பிளேட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. ரப்பரையும் ஓவர்ஃப்ளோ வால்வையும் மாற்றிவிட்டு, பாரத்தோடு சில்வர்தோர்ன் ஏற்றத்தில் ஒருமுறை ஏறு. உன் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து வெப்பம், பூஸ்ட், சுற்று மூன்றையும் மைலுக்கு மைல் குறிக்கச் சொல். அந்தத் தாள் வந்த பிறகு எந்த பிளேட் என்று பேசுவோம். மேலே போய் நிறுத்தினால் வெப்பம் 350-க்குக் கீழே இறங்கும்வரை எஞ்சினை ஐட்லிங்கில் விடு. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா