நாயின் வாயில் எச்சில் வடிந்தால்

நாம் வளர்க்கும் நாயின் வாயில் எச்சில் ஓயாது வடிந்தால், தொண்டையில் எலும்பு சிக்கிற்றோ என்று இரக்கப்பட்டு விரலை விட்டுப் பார்க்கிறோம். இது மிகவும் ஆபத்தானது. தேரையைக் கவ்விய நாய்க்கும் நுரை தள்ளும் என்பது உண்மையே. ஆனால் வெறிநோய் கண்ட நாய்க்குத் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் எச்சிலை விழுங்க இயலாது. தாடை தொங்கும், குரல் மாறும். சீறாமல் சோர்ந்து கிடக்கும் நாய்க்கும் இந்நோய் இருக்கலாம். நோய்க்கிருமி அந்த எச்சிலிலேயே இருக்கிறது. பால் வெட்டும் கத்தி நம் விரலில் இட்ட கீறல் அதற்குப் போதிய வழி. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் இந்நோய் தோன்றியது. ஆகவே நாயைத் தொடாமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு, கால்நடை மருத்துவ இலாகாவுக்கு அறிவிப்போம். கடிபட்ட அல்லது எச்சில் பட்ட புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்வோம். நோய்க்குறி தோன்றிய பின்னர் தடுப்பூசி பயன்படாது.