கிளை நிலையங்களை இணைக்கும் அரண்கருவி

தலைமை நிலையமும் கிளைகளும் பொது இணையத்தின் வழியே கணக்குகளைப் பரிமாறுதல், பெருவழியிற் பொன் சுமந்து செல்வதை ஒக்கும். ஆதலின் ஒவ்வொரு நிலையத்தின் வாயிலிலும் ஃபயர்வால் என்னும் அரண்கருவியை நிறுவி, அவற்றிடையே வி.பி.என். என்னும் மறைவழி அமைப்பர். அதன்பொருட்டு ஆராயற்பாலன மூன்று.

முதலாவது வேகம். விளம்பரத்திற் பெரிதாகக் காட்டப்பெறுவது, பெரும்பாலும் செய்தியை மறைக்காது கடத்தும் வேகமே. ஒவ்வொரு பொதியையும் மறைகுறியாக்கி மீட்டல் கருவிக்குப் பெருஞ்சுமையாம். ஆகவே வி.பி.என். வேகத்தையே நோக்குக. தலைமை நிலையக் கருவியோ கிளைகள் அனைத்தின் சுமையையும் ஒருங்கே தாங்கல் வேண்டும்.

இரண்டாவது முகவரி. 192.168 எனத் தொடங்கும் எண்கள், 1996-ஆம் ஆண்டின் விதிப்படி, எவரும் தம் தனிவலையுட் கொள்ளத்தக்கன. இரு கிளைகள் 192.168.1 என்னும் ஒரே தொகுதியைக் கொண்டிருப்பின், பொதியை எக்கிளைக்குச் செலுத்துவதெனக் கருவி அறியாது. ஆதலின் கிளைதோறும் வெவ்வேறு தொகுதியை முன்னரே வகுத்துக்கொள்க.

மூன்றாவது ஆயுள். செய்தோர் மென்பொருட் டிருத்தம் வழங்குதலை நிறுத்தியபின், புதிதாய்ப் புலப்படும் ஓட்டைகள் அடைபடா. மலிவு கருதி அத்தகைய பழங்கருவியை வாங்குவோர், காவலனை நிறுத்தினோமென்றெண்ணிக் கள்வனுக்கு வாயில் திறந்தோராவர். ஆதலின் விலையை வினவுமுன், திருத்தம் எவ்வாண்டுவரை கிடைக்குமென வினவுக.