பழைய டிஸ்க்கைத் துடைக்கும் முறை

நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசாங்கம் 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அங்கீகரித்தது. புதிய யந்திரம் வந்தவிடத்துப் பழையது என்னவாயிற்றென்று அங்கத்தினர் எவரும் கேட்பதில்லை. ஒட்டன்சத்திரத்து விவசாயியின் நகைக்கடன் விவரமும், நெசவாளர் சங்கமாயின் சின்னாளபட்டித் தறிகாரரின் கூலிக் கணக்கும், ஆதார் எண்ணும் தங்கியிருப்பது அப்பழைய டிஸ்க்கில்தான்.

ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவுகளையும் எல்லைக் கற்களையும் புலப்படம் காட்டுகிறதல்லவா? அவ்வாறே டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறதென்று காட்டுவது பிரிவு அட்டவணை. பார்ட்டிஷன் டேபிள் என்பர். படத்தைக் கிழித்தால் வயலிலுள்ள பயிர் அழியாது. அட்டவணையை அழித்தாலும் கணக்குகள் அப்படியே கிடக்கும். மீட்புக் கருவி உடையவன் எடுத்துவிடுவான்.

எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில் இவ்வட்டவணை டிஸ்க்கின் முதற்கட்டத்தில் 64 பைட் இடத்தில் அடங்கும். பின்வந்த ஜி.பி.டி. முறையிலோ முன்புறத்தில் ஒன்றும், டிஸ்க்கின் கடைசியில் அதன் நகலொன்றும் உண்டு. இதை அறியாமையே பல தொல்லைகளுக்குக் காரணம். நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் பழுது பார்ப்பவர் முன்புறத்தை மட்டும் அழித்திருந்தார். புதிய சிஸ்டத்தை ஏற்ற முற்பட்டபோது பழைய பகுதிகள் மூன்றும் மீண்டும் தலைகாட்டின. டிஸ்க் கெட்டுவிட்டதென்று கருதி, வேறு வாங்கத் தீர்மானமும் எழுதிவிட்டனர். டிஸ்க் நன்றாகவே இருந்தது. கடைசியிலிருந்த நகலே மீண்டு வந்தது.

கணக்குகள் முழுவதும் நகலெடுக்கப்பட்டு, தணிக்கையும் முடிந்த பின்னரே துடைத்தலைத் தொடங்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு யந்திரத்தில் இணைக்கலாம். அங்கே அந்த யந்திரத்தின் சொந்த டிஸ்க்கும் பட்டியலில் நிற்கும். எண்ணை மாற்றிக் குறித்தால் நடப்புக் கணக்கு போயிற்று! ஆகையால் கொள்ளளவைப் பார்த்து இருமுறை சரிபார்த்தல் அவசியம். விண்டோஸிலுள்ள டிஸ்க்பார்ட் கருவியில் ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று கண்டு, ‘செலக்ட் டிஸ்க்’ என்று எண்ணைக் குறித்து, ‘கிளீன்’ என இட்டால் இரு அட்டவணைகளும் ஒழியும். லினக்ஸில் எஸ்ஜிடிஸ்க் கருவியின் ‘ஜாப் ஆல்’ இதே வேலையைச் செய்யும். சங்கத்திலேயே மறுபடி பயன்படுத்த இது போதும்.

வெளியே போகும் டிஸ்க்குக்கு ‘கிளீன் ஆல்’ வேண்டும். அது முழுவதிலும் பூஜ்யத்தை எழுதும். பல மணி நேரம் பிடிக்கும். பொறுமையிழந்து நடுவில் நிறுத்தலாகாது. எஸ்.எஸ்.டி. வகையில் மறைவான உபரி இடங்கள் இருத்தலால், தயாரிப்பாளரின் அழிப்புக் கருவியே தக்கது. முடிவில் டிஸ்க்கின் தொடர் எண்ணையும் அழித்த தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, செயலாளரும் நிர்வாகக் குழுவினர் ஒருவரும் கையொப்பமிட்டபின் பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுக்கலாம்.