கதவோரம் ஒரு தடி

ஒடிசா மாநிலத்தில் நயாகட் மாவட்டம் இருக்கிறது. அங்கே பல ஊர்களை ஒட்டிக் காடு உண்டு. முன்பு அந்தக் காடு வெட்டி வெட்டி மொட்டையாகிப் போனது. விறகு தேடிப் பெண்கள் வெகுதூரம் நடந்தார்கள்.

ஊர் கூடிப் பேசியது. இனி நாமே காவல் காப்போம் என்றது. சம்பளம் கிடையாது. முதலில் ஆண்கள் போனார்கள். பிறகு பல ஊர்களில் பெண்கள் பொறுப்பேற்றார்கள்.

இதற்கு டெங்கா பாளி என்று பெயர். ஒடியா மொழியில் டெங்கா என்றால் தடி. பாளி என்றால் முறை. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவோமே, அதைப் போல.

இன்று சில பெண்கள் தடியோடு காட்டைச் சுற்றுகிறார்கள். திரும்பியதும் அடுத்த வீட்டுக் கதவில் தடியைச் சாய்த்து வைக்கிறார்கள். நாளை அந்த வீட்டின் முறை. சீட்டு வேண்டாம், தண்டோரா வேண்டாம்.

மரம் வெட்டுகிறவர் அகப்பட்டால்? கோடரியைப் பிடுங்குவார்கள். அபராதம் போடுவார்கள்.

கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் காவல் என்பது ஒரு நாள் கூலி. அது சின்ன இழப்பு அல்ல. அப்படியும் போகிறார்கள்.

காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தருகிறது. நயாகட் மாவட்டத்தில் 24 ஊர்களுக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது 2021இல்தான்.