பந்தியில் விடுபட்டவர்கள்

வேதபகுதி: அப்போஸ்தலர் 6:1-7



எருசலேம் சபையில் விதவைகளுக்கு அனுதினமும் உணவு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். யாரும் வேண்டுமென்றே அவர்களைத் தள்ளியதாக வேதம் கூறவில்லை. உணவு இருந்தது, அவர்களிடம் போய்ச் சேரவில்லை. கொள்ளைநோய்க் காலத்திலும் இப்படியே நடந்தது.

2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கறுப்பின மக்கள் அதிகமாய்ப் பாதிக்கப்பட்டார்கள். பரிசோதனை நிலையங்கள் இல்லாமலில்லை. ஆனால் காரில் வருகிறவர்களுக்கே பல இடங்களில் பரிசோதனை. மருத்துவரின் சீட்டும் கேட்டார்கள். இவை இல்லாதவர்கள் திரும்பிப் போனார்கள்.

அந்நகரிலேயே வளர்ந்தவர் டாக்டர் ஆலா ஸ்டான்ஃபோர்ட். கறுப்பினத்தைச் சேர்ந்த குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, ஆலயங்களின் வாகன நிறுத்துமிடங்களில் பரிசோதனையைத் தொடங்கினார். சீட்டு வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை, நடந்து வந்தவர்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். 2021 பிப்ரவரியில் அவரது குழுவினர் 24 மணி நேரம் தொடர்ந்து தடுப்பூசி போட்டபோது, பகலில் உழைப்பவர்கள் இரவில் வர முடிந்தது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

1. முறையீட்டுக்குச் செவிகொடுக்க வேண்டும். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சபையைக் கூட்டி ஆலோசித்தார்கள்.

2. விடுபட்டவர்களை அறிந்தவர்களிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை, தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. உணவை மட்டும் கூட்டியிருந்தால், அதுவும் பழைய வழியிலேயே போயிருக்கும்.

3. எல்லாருக்கும் ஒரே விதி என்பது மட்டும் நீதியாகாது. அவ்விதியை நிறைவேற்ற வசதியில்லாதவர் வெளியே நிற்பார். அவரிடம் கவனிக்கப்படாமல் இருக்கும் தொற்று, நம் வீட்டுக்கும் வந்து சேரும்.

பந்தி சீர்ப்பட்டபின் எருசலேமில் சீஷர்களின் தொகை பெருகிற்று. ஆசாரியர்களிலும் அநேகர் விசுவாசித்தார்கள்.

மருத்துவ ஊழியத்தைத் தாங்குகிற நாம், எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் பார்ப்பதோடு, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் கேட்போம். நம் சபை அடுத்த மருத்துவ முகாமை நடத்தும்போது, நம் மொழி அறியாத தொழிலாளியும், நடக்க இயலாதவரும், தனித்து வாழும் விதவையும் பயனாளிகளின் பட்டியலில் இருப்பார்கள். திட்டமிடும் குழுவில் அவர்களில் ஒருவராவது இருப்பாரா? ஜெபத்தோடு சிந்திப்போம்.