பேரிகேடைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பாதே, தம்பி!

ஹெல்மெட் போடாமல் மாட்டினால் 1,000 ரூபாய். லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வீட்டில் அப்பாவிடம் வாங்கும் திட்டு தனிக் கணக்கு. அத்தோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் தூரத்தில் பேரிகேடைப் பார்த்ததும் சைக்கிள் கேப்பில் வண்டியைத் திருப்பி ஒன்வேயில் எதிரே ஏறுகிறாயே, அதற்குப் பிறகு உனக்கு அபராதமா வழக்கா என்பதை நீ முடிவு செய்ய முடியாது.

போலீஸுக்குத் தண்ணி காட்டிவிட்டு வண்டியில் ஓடுவது என்று நம் ஊர்ச் சட்டத்தில் தனியாக ஒரு குற்றம் கிடையாது. அப்படியானால் பயமில்லை என்று குஷியாகிவிடாதே. எப்படி ஓடினாய் என்று பார்த்து ஒவ்வொரு பிரிவாக அடுக்குவார்கள். சொன்னதைக் கேட்காததற்கு மோட்டார் வாகனச் சட்டம் 179, அபராதம் 2,000 ரூபாய் வரை. தாறுமாறாக ஓட்டியதற்கு 184. முதல் தடவைக்கே 6 மாதம் முதல் 1 வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-வது பிரிவும் இதே கண்மூடித்தனமான ஓட்டத்துக்குத்தான். அதற்கு 6 மாதம் வரை.

இதுவரை ஒரு வக்கீல் வைத்துச் சமாளிக்கலாம். கை நீட்டி மறித்த போலீஸ்காரரை வேண்டுமென்றே இடித்தாய் என்று எஃப்.ஐ.ஆர். எழுதினால்தான் ஆபத்து. கடமையைச் செய்யவிடாமல் காயப்படுத்தினால் அதே சன்ஹிதாவின் 121-வது பிரிவில் 5 வருஷம் வரை, கொடுங்காயம் என்றால் 1 முதல் 10 வருஷம் வரை. அவர் மேல் ஏற்றப் பார்த்தாய் என்று கொலை முயற்சி வழக்கே வரலாம். ஹெல்மெட்டுக்குப் பயந்து ஓடினவனுக்கு இதெல்லாம் தேவையா, சொல்லு?

இன்னொன்றும் யோசி. பின்னால் உட்கார்ந்திருக்கும் உன் நண்பன் நம்பர் பிளேட்டைக் கையால் மறைத்துக்கொண்டு வந்தால், அங்கே நிற்பவர் கண்ணுக்கு நீங்கள் செயின் பறித்துவிட்டு வருகிறவர்கள். மைக்கில் நம்பரையும் சட்டை நிறத்தையும் சொல்லிவிடுவார்கள், அடுத்த ஜங்ஷனில் ஆள் நிற்பார். விரட்டுகிறவர்களும் எப்போதும் நிதானமாக இருப்பதில்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியின் பைக்கை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திப்போய் உதைத்தார் என்று வழக்கு. கீழே விழுந்த மனைவி இறந்துபோனார், இன்ஸ்பெக்டர் கைதானார். அபராதம் போட வேண்டிய விஷயத்துக்குத் துரத்துவது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கும் கோபம் வரும். ஆனால் ரோட்டில் விழுவது நாம்தானே.

அதனால் கை காட்டினால் இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாக நிறுத்து. இன்ஜினை அணை. ஹெல்மெட்டோ கண்ணாடியோ எடுத்துவிட்டு முகம் தெரியப் பேசு. "சார், ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கு" என்று சொல். டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டும் செல்லும். வீட்டிலேயே இறக்கி வைத்துவிடு, நடுரோட்டில் ஓ.டி.பி.க்காகக் காத்திருக்காதே. சாவியைப் பிடுங்கினாலும் மல்லுக்கு நிற்காதே. பெயர், நேரம், இடம் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் புகார் கொடுத்துக்கொள்ளலாம்.

தங்கச்சிகளுக்கு ஒன்று. ஆவணம் கேட்கும் போலீஸ்காரர் யூனிஃபார்மில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ராத்திரியில் தனியாக வரும்போது மஃப்டியில் யாரோ மறித்தால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, மெதுவாகவே ஓட்டிப்போய் வெளிச்சமும் ஆளும் இருக்கும் பெட்ரோல் பங்கில் நிறுத்து. 112-க்குப் போன் போட்டு வண்டி நம்பரோடு சொல்லிவிடு. அந்த அழைப்பே நீ ஓடவில்லை என்பதற்கு ஆதாரம். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலில்கூட, பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

பதினெட்டு ஆகாத பையனிடம் சாவியைக் கொடுக்கும் சித்தி, மாமாக்களுக்கும் சொல்லிவை. அந்தப் பையன்கள்தான் அதிகம் பயந்து ஓடுவார்கள். மாட்டினால் பெற்றவருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஏற்கெனவே ஓடி வந்துவிட்டாயா? வண்டியை ஷெட்டில் போட்டு மூடாதே. யார் ஓட்டினது என்று கேட்டால் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் சொல்லியே ஆக வேண்டும், அதாவது அப்பா. அவரையும் ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு நீயே ஸ்டேஷனுக்குப் போ. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டையே மறுக்கலாம், துபாய் கனவு காண்கிறவன் நீ. சலான் வந்திருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார். வாட்ஸப்பில் "உங்கள் அபராதம்" என்று வரும் ஏ.பி.கே. ஃபைலைத் தொடவே தொடாதே, பேங்க் அக்கவுண்டைத் துடைத்துவிடுவார்கள்.