இயங்குதளத் தேர்வும் அரசு ஆவணங்களின் ஆயுளும்

அரசு அலுவலகம் ஒன்றுக்குக் கணிப்பொறிகள் வாங்கப்படும்போது திரையின் அளவு, நினைவகத்தின் கொள்ளளவு, உத்தரவாதக் காலம் ஆகியவை ஒப்பந்தப்புள்ளியில் பத்தி பத்தியாக எழுதப்படுகின்றன. இயங்குதளம் பற்றிய குறிப்போ பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பொறிகள் வந்து சேர்ந்த பின்னர் அலுவலகத்தைப் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்துவது அந்த ஒரு வரிதான்.

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் செயற்படும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலையைப் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளமாகும். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைப் பெறுதல், கோப்பை வட்டில் சேமித்தல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல், ஒருவரது கோப்பை உரிமையற்ற மற்றொருவர் திறவாமல் காத்தல் ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பு. சம்பளப் பட்டியல் நிரலாயினும், பத்திரப் பதிவு நிரலாயினும் ஏதேனும் ஓர் இயங்குதளத்தை நம்பியே எழுதப்படுகிறது. எனவே அடித்தளம் மாறும்போது மேலே கட்டப்பட்டவையும் மாற வேண்டியுள்ளது.

எந்த இயங்குதளம் சிறந்தது என்னும் விவாதம் வல்லுநரிடையே ஓயாமல் நடந்து வருகிறது. விண்டோஸ் பழகுவதற்கு எளிது என்பர் ஒரு சாரார். லினக்ஸ் உறுதியானது, விலையற்றது என்பர் மறு சாரார். நிருவாகத்தைப் பொறுத்தவரை இவ்விவாதத்தின் பெரும்பகுதி பயனற்றதாகும். நில உரிமைப் பதிவேடும், பணியாளரின் பணிப் பதிவேடும் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் படிக்கப்பட வேண்டியவை. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவான ஆதரவை இழந்தது. ஆவணத்தின் ஆயுளுக்கும் மென்பொருளின் ஆயுளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை யார் நிரப்புவது, எவ்வளவு செலவில் நிரப்புவது என்பதே அரசு கேட்க வேண்டிய கேள்வி.

பழைய அனுபவம்

இக்கேள்வி இந்தியாவுக்குப் புதிதன்று. 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், இந்தியாவில் இயங்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கோரியது. அதற்கு உடன்படாத ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதன் பொறிகள் நாடெங்கும் அலுவலகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பராமரிக்கும் பணியை அரசு நிறுவனமான கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம், அதாவது சி.எம்.சி., ஏற்றுக்கொண்டது. ஒரே உற்பத்தியாளரின் பொறியையும் அவருடைய இயங்குதளத்தையும் நம்பியிருப்பதன் பொருள் என்ன என்பது அன்றே விளங்கியது.

1980-களில் இந்தியக் கணிப்பொறி நிறுவனங்கள் யூனிக்ஸ் இயங்குதளத்தை நாடியதற்கு இது நல்ல பின்னணியாக அமைந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தோன்றிய யூனிக்ஸ், 1973-இல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதனால் ஒருவகைப் பொறியிலிருந்து மற்றொரு வகைப் பொறிக்கு அதனைக் கொண்டு செல்வது பெரிதும் எளிதாயிற்று. ரங்கராஜன் குழுவின் அறிக்கைகளைத் தொடர்ந்து வங்கிகள் கணிப்பொறி மயமானபோது கிளைகளில் யூனிக்ஸ் கணிசமான இடம் பெற்றது. இந்திய நிரலாளர் தலைமுறை ஒன்று சி மொழியையும் யூனிக்ஸையும் சேர்த்தே பயின்றது. பிற்கால மென்பொருள் ஏற்றுமதிக்கு இப்பயிற்சி எவ்வளவு உதவிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆதரவு முடிந்த பின்னர்

ஆதரவு முடிந்தது என்றால் கணிப்பொறி நின்றுவிடும் என்று சிலர் கருதுகின்றனர். பொறி வழக்கம்போல் இயங்கும். புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வராது என்பதே வேறுபாடு; அது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்தான் ஆபத்து மிகுதி.

2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் ஆதரவை இழந்தது. இந்தியாவின் ஏ.டி.எம். பொறிகள் பல அப்போது அதிலேயே இயங்கின. அதன் பின்னரும் இயங்கின. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் தீநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணிப்பொறிகளும் அதற்கு இலக்காயின. அது பயன்படுத்திய குறைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு வெளியிடப்பட்டிருந்தது. எக்ஸ்பி பதிப்புக்கான திருத்தம் தாக்குதல் தொடங்கிய பின்னரே பொதுவில் வந்தது. திருத்தம் வெளிவந்தும் அதனைப் பொருத்தாமல் விட்ட அலுவலகங்கள் தாக்குண்டன என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை; தவறு முழுவதும் உற்பத்தியாளரைச் சார்ந்ததன்று.

ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்து, ஆதரவிழந்த இயங்குதளங்களில் உள்ள ஏ.டி.எம். பொறிகளைக் கட்டங்கட்டமாக மாற்றி 2019 ஜூனுக்குள் பணியை முடிக்குமாறு வங்கிகளைப் பணித்தது. ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆணை அது. தாமதத்தின் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பணம் எண்ணும் பகுதி, அட்டை படிக்கும் பகுதி, அவற்றை இயக்கும் நிரல் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்துள்ள பொறியில் இயங்குதளத்தை மட்டும் தனியே கழற்றி மாற்ற இயலாது. வாங்கிய நாளில் குறைவாகத் தெரிந்த விலை, வெளியேறும் நாளில்தான் முழுமையாகத் தெரியவருகிறது.

விண்டோஸ் 10-இன் முடிவும் இதே நிலையைப் பெரிய அளவில் கொண்டுவந்துள்ளது. விண்டோஸ் 11 பதிப்புக்குக் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய வகைச் செயலிகளும் தேவை. நன்கு இயங்கும் பல பொறிகளில் இவை இல்லை. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வரை திருத்தங்களைப் பெறலாம். அக்கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிக்கும். அல்லது பொறியைக் கழித்துப் புதியது வாங்கலாம். அல்லது அதே பொறியில் வேறு இயங்குதளம் நிறுவலாம்.

மூன்றாவது வழியை நாடுவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கட்டற்ற மென்பொருளும் திடீரென முடிவுக்கு வரக்கூடியதே. வழங்கிக் கணிப்பொறிகளில் பரவலாகப் பயன்பட்ட சென்டோஸ் லினக்ஸின் 8-ஆம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று கருதப்பட்டது. 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஆயினும் மூலநிரல் திறந்திருந்தமையால், 2021-ஆம் ஆண்டிலேயே அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய இரு மாற்றுகளை வேறு குழுவினர் உருவாக்கினர். பயனீட்டாளர் தம் நிரல்களைத் திருத்தி எழுதாமலேயே அவற்றுக்கு மாற முடிந்தது. கட்டற்ற மென்பொருளின் உண்மையான மதிப்பு இங்கேதான் உள்ளது. உரிமக் கட்டணம் இல்லாமை அதனோடு ஒப்பிடின் சிறிய ஆதாயமே.

கேரளப் பள்ளிகளின் முன்னுதாரணம்

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா? கேரளத்தின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. அங்குப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிற்று. தனியுரிமை மென்பொருளையே பாடமாக்குவதா என்ற எதிர்ப்பு ஆசிரியர் இயக்கங்களிடையே எழுந்தது. பின்னர்ப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிய இத்திட்டத்தில், 2008 அளவில் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வே முழுவதும் அம்மென்பொருளில் நடைபெறும் நிலை உருவாயிற்று. 2017 முதல் கைட் என்னும் அரசு நிறுவனம் இப்பணியை நடத்தி வருகிறது.

மாற்றம் நிலைபெற்றது எவ்வாறு என்பதே கவனிக்கத்தக்கது. பயிற்சியாளர்கள் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். பள்ளிகளுக்கென்றே இயங்குதளப் பதிப்பு ஒன்று தொகுக்கப்பட்டு, பாடத்திட்டத்துக்குத் தேவையான நிரல்கள் அதில் சேர்க்கப்பட்டன. கணித ஆசிரியர் ஜியோஜீப்ராவைக் கொண்டு வடிவியல் கற்பித்தார். பாடநூல் அதனை ஒட்டி எழுதப்பட்டது. தேர்வும் அதிலேயே நடந்தது. மலையாளம் திரையிலும் விசைப்பலகையிலும் இடம்பெற்றது. ஆசிரியருக்குச் சந்தேகம் எழுந்தால் கேட்பதற்குத் தம் மாவட்டத்திலேயே ஒருவர் இருந்தார். உரிமக் கட்டணமாக வெளியே சென்றிருக்கக்கூடிய தொகையில் ஒரு பகுதி பயிற்சியாக உள்ளேயே செலவாயிற்று எனலாம். அம்மாநில மின்வாரியத்தில் ஒருமா என்னும் கட்டண வசூல் நிரலை வாரியத்தின் சொந்தப் பொறியாளர்களே கட்டற்ற கருவிகளைக் கொண்டு எழுதியதும் இதே வகைப்பட்ட முயற்சி.

இதனோடு பாஸ் இயங்குதளத்தின் வரலாற்றை ஒப்பிடலாம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்த லினக்ஸ் பதிப்பு, இந்திய மொழிகள் பலவற்றைத் தொடக்கத்திலிருந்தே ஏற்றது. மைய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கையும் மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூலநிரல் மென்பொருளுக்கு முன்னுரிமை தந்தது. அதனை விலக்கும் துறை காரணம் காட்ட வேண்டும் என்றது. இருந்தும் அலுவலக மேசைகளில் விண்டோஸே மிகுதியாக உள்ளது. தொழில்நுட்பக் குறைபாடு இதற்கு முதற்காரணம் ஆகாது. எழுத்தர் அன்றாடம் பயன்படுத்தும் துறைசார்ந்த நிரல், மின்னணுக் கையொப்பக் கருவி, வருடி ஆகியவை புதிய தளத்தில் இயங்குமா என்பதை ஒவ்வோர் அலுவலகமாகச் சென்று சரிபார்த்துத் தருவோர் போதிய அளவில் இல்லை. சுற்றறிக்கை அனுப்புவது எளிது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அச்சுப்பொறி இயங்காத அன்று அங்கே சென்று நிற்பது அவ்வளவு எளிதன்று.

கைப்பேசியைக் காட்டி, லினக்ஸ் ஏற்கெனவே வென்றுவிட்டது என்று வாதிடுவோரும் உண்டு. இந்தியாவின் திறன்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் லினக்ஸ் கருவின் மீது அமைந்த ஆண்ட்ராய்டில் இயங்குகின்றன என்பது உண்மை. ஆனால் அத்தளத்தில் தன் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. கரு திறந்திருந்தாலும் அதனைச் சூழ்ந்த கடைவீதி ஒருவர் கையில் இருக்கலாம்.

நிரலாக்கக் கருவிகள்

இயங்குதளத்துக்குச் சொன்னது நிரலாக்கக் கருவிகளுக்கும் பொருந்தும். 1990-களில் அலுவலகங்களின் சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு போன்றவை பெருமளவில் பாக்ஸ்புரோவில் எழுதப்பட்டன. குறுகிய காலத்தில் கற்று, சிறிய பொறியில் இயக்கத்தக்க சிறந்த கருவி அது. 1992-இல் அதனை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2007-இல் இனிப் புதிய பதிப்பு இல்லை என்று அறிவித்தது. 2015-இல் ஆதரவும் முடிந்தது. நிரல் எழுதிய ஒருவர் மாற்றலாகிச் சென்றுவிட, மூலநிரல் எங்கே என்று தெரியாமல் இயங்கு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் அலுவலகத்துக்கு எந்த இயங்குதளமும் உதவ முடியாது. மூலநிரலையும் அதன் விளக்கக் குறிப்பையும் அலுவலகத்தின் சொத்தாகப் பெற்று, கோப்பு எண் இட்டுப் பாதுகாப்பது இதற்கான எளிய வழி. ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு விதி சேர்ப்பதற்கு எவ்விதச் செலவும் இல்லை.

எழுத்தும் கோப்பும்

இறுதியாக, இந்திய மொழி ஆவணங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீடு 1991-இல் இந்தியத் தர நிலையமாக்கப்பட்டது. நடைமுறையிலோ, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மீது இந்திய எழுத்தின் வடிவை ஏற்றிய எழுத்துருக்களே அலுவலகங்களில் பரவின. இந்தி வழங்கும் மாநிலங்களில் கிருதிதேவ் அவ்வாறு பரவிற்று. தட்டச்சுத் தேர்வுகளிலும் நீண்டகாலம் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 1999-இல் டாம், டாப் ஆகிய குறியீடுகள் தரமாக ஏற்கப்பட்ட பின்னரும் வானவில் போன்ற எழுத்துருக்கள் அலுவலகங்களில் வழங்கின. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். தேடவும், வரிசைப்படுத்தவும், வேறு துறையின் தரவோடு இணைக்கவும் அதனால் இயலாது.

2009-இல் மைய அரசு மின்னாளுகைக்கு யூனிகோடு முறையை ஏற்றது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதே 2010-இல் வெளிவந்த மைய அரசின் திறந்த தரநிலைக் கொள்கை, ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிமையான வடிவங்களில் அரசு ஆவணங்கள் சிறைப்படக்கூடாது என்னும் நோக்கம் கொண்டது. புதிய ஆவணங்கள் இதனால் நன்மை பெற்றன.

பழையவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன. ஆனால் ஒரு கோப்பு எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்பதை அவற்றுக்கு முதலில் சொல்ல வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு எழுத்துருக்கள் கலந்திருந்தால் வரிக்கு வரி பார்க்க வேண்டும். எந்தப் பிரிவில் எந்த ஆண்டில் எது வழங்கிற்று என்பது பல அலுவலகங்களில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதனை அறிந்தவர்கள் 1990-களில் பணியில் சேர்ந்த தட்டச்சர்கள். அவர்களுள் பலர் இப்போது ஓய்வு பெற்று வருகின்றனர்.